இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள்: ஒன்றை மட்டும் சொல்ல முடியுமென்றால் எதைச் சொல்வது?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டம் கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இரண்டாம் உலகப் போரைப் பற்றி நான் பேச வேண்டும். கிடைத்திருப்பது இரண்டு மணி நேரம். ஆறு ஆண்டுகள் நடந்து ஆறு கோடிப் பேருக்கு மேல் பலிகொண்ட போரை அதற்குள் முழுதாக ஓட்டிக் காட்டினால், கேட்டவர்களிடம் வெறும் தேதிகள்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு திருப்புமுனையை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பேசலாம் என்று முடிவு செய்தேன். எதை எடுப்பது என்று மூன்று வாரமாக யோசனை. யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தருபவர்களுக்கும், இந்தப் போரை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று தேடுபவர்களுக்கும் உதவும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் சட்டென்று "ஸ்டாலின்கிராட்" என்பார்கள். ஒரு மதிப்பெண் விடையாக அது சரி. ஆனால் ஏன் என்று திருப்பிக் கேட்டால், "அங்கேதான் ஜெர்மனி தோற்றது" என்பதற்கு மேல் பேச்சு நகராது. ஒரு படை தோற்பது வேறு, ஒரு நாட்டின் போர் திரும்புவது வேறு. 1940இல் பிரான்ஸில் பிரிட்டன் படுதோல்வி அடைந்தது. ஆனாலும் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 வீரர்கள் தப்பிக் கரை சேர்ந்தார்கள், பிரிட்டன் தொடர்ந்து போரில் நின்றது.

ஆகவே எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். சண்டை முடிந்த மறுநாள் காலையில் தோற்ற தரப்பின் முன்னால் என்னென்ன வழிகள் மிச்சம் இருந்தன? நேற்று வரை திறந்திருந்த எந்த வழி அன்று அடைபட்டது? அது பிறகு எப்போதாவது திறந்ததா? ஜப்பான் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் துறைமுகம் பேர்ல் ஹார்பரை இதில் வைத்துப் பாருங்கள். 1941 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் எட்டு பெரும் போர்க்கப்பல்கள் அடிபட்டன, 2,403 பேர் இறந்தார்கள். ஆனால் அந்த எட்டில் ஆறு பின்னால் பழுது பார்க்கப்பட்டுக் கடலுக்குத் திரும்பின. விமானம் தாங்கிக் கப்பல்கள் ஒன்றுகூட அன்று துறைமுகத்தில் இல்லை. எண்ணெய்க் கிடங்குகள்மீது கையே வைக்கவில்லை. அமெரிக்காவுக்கு எந்த வழியும் நிரந்தரமாக மூடப்படவில்லை. அடி பலமானதுதான், ஆனால் அடிவாங்கிய நாட்டைப் பொறுத்தவரை அது திருப்பம் இல்லை.

இதே அளவுகோலோடு சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடுக்கு வருவோம். கதையாகச் சொல்ல இதைவிட வலுவான சண்டை வேறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1942 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மன் விமானங்கள் நகரத்தைத் தீக்கிரையாக்கின. அதே நாளில் அவர்களுடைய டாங்கிகள் வோல்கா ஆற்றைத் தொட்டுவிட்டன. அதன்பின் தெருவுக்குத் தெரு, மாடிக்கு மாடி சண்டை. சோவியத் தளபதி சூய்கோவின் 62ஆவது படை ஆற்றங்கரையில் சில நூறு மீட்டர் அகலமே உள்ள நிலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. நகருக்குள் எல்லாருடைய கவனமும் இருந்தபோது, சோவியத் தளபதிகள் நகருக்கு வெளியே இரு பக்கமும் படை திரட்டினார்கள். அந்தப் பக்கவாட்டுகளைக் காத்து நின்றவை போதிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் இல்லாத ருமேனியப் படைகள். நவம்பர் 19 அன்று தாக்குதல் தொடங்கியது, 23ஆம் தேதி கலாச் அருகே இரண்டு கைகளும் சேர்ந்துவிட்டன. உள்ளே ஜெர்மன் தரப்பில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சிக்கினார்கள்.

இங்கே எனக்கு மறக்க முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது. சிக்கிய படை உயிரோடு இருக்க ஒரு நாளைக்குக் குறைந்தது 300 டன் பொருள் தேவை. விமானத்திலேயே கொண்டுபோய்த் தந்துவிடலாம் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். நடைமுறையில் சராசரியாக நாளுக்கு நூறு டன் அளவில்தான் போய்ச் சேர்ந்தது. அந்த இடைவெளியில் மனிதர்கள் பசியாலும் குளிராலும் செத்தார்கள். 1943 ஜனவரி 31 அன்று அந்தப் படையின் தளபதி பவுலஸ் சரணடைந்தார், பிப்ரவரி 2 அன்று மிச்சப் படையும் சரணடைந்தது. கடைசியில் கைதானவர்கள் சுமார் 91,000. அவர்களில் ஊர் திரும்பியவர்கள் ஏறத்தாழ ஆறாயிரம் பேர்தான்.

சரி, மறுநாள் காலையில் எந்த வழி அடைபட்டது? எண்ணெய்க்கான வழி. 1942 கோடையில் ஜெர்மனி தெற்கே போனதே காகசஸ் மலைப்பகுதியின் எண்ணெய் வயல்களுக்காகத்தான். மைக்கோப்பை ஆகஸ்டில் பிடித்தார்கள், ஆனால் சோவியத் தரப்பு கிணறுகளைக் கெடுத்துவிட்டுத்தான் விலகியிருந்தது. க்ரோஸ்னி, பாகு இரண்டும் கைக்கு எட்டவே இல்லை. ஸ்டாலின்கிராடுக்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் போகும் வாய்ப்பு முற்றிலும் போனது. ருமேனிய, இத்தாலிய, ஹங்கேரியப் படைகள் நொறுங்கியதால் ஜெர்மனியோடு நின்ற நாடுகளும் வெளியேறும் வாசலைத் தேட ஆரம்பித்தன. இதெல்லாம் மிகப் பெரிய விஷயம், மறுப்பதற்கில்லை.

எனக்கு உறுத்துவது வேறு ஒரு கேள்வி. 1941இல் லெனின்கிராட், மாஸ்கோ, கீவ் என்று மூன்று திசையிலும் ஒரே நேரத்தில் பாய்ந்த படை, 1942இல் தெற்கே மட்டும் ஏன் போனது? மூன்று திசையிலும் பாய அதனிடம் பலம் இல்லை. அந்தப் பலம் எங்கே போனது என்று தேடினால், மாஸ்கோவின் பனியில் வந்து நிற்கிறோம்.

மாஸ்கோவைப் பற்றிப் பேசும் முன் மற்றவற்றைப் பார்த்துவிடுகிறேன். அவற்றில் இரண்டு, அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாதவை.

முதலாவது, பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டை. தமிழ் வாசகர்களிடம் சொல்ல இதற்கு ஒரு நேரடித் தொடர்பே உண்டு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. தளபதி நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படை கொழும்பைத் தாக்கியது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது, ஹெர்ம்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே கடலில் மூழ்கியது. சென்னை கிட்டத்தட்ட காலியானது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊர்ப்பக்கம் ஓடிய அந்த நாட்களை 'எவாக்குவேஷன்' என்ற ஒரே சொல்லில் பழைய சென்னைக் குடும்பங்கள் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தன. இந்தியப் பெருங்கடலில் அப்போது ஜப்பானைத் தடுக்க ஆள் இல்லை.

அப்படி வந்த ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் சரியாக இரண்டு மாதம் கழித்து மிட்வே தீவருகே கடலுக்கு அடியில் கிடந்தன. கூடவே காகாவும். அமெரிக்கர்கள் ஜப்பானியச் சங்கேதத்தின் ஒரு பகுதியை உடைத்திருந்தார்கள். 'ஏஎஃப்' என்று எதிரி குறிப்பிடும் இடம் மிட்வேதானா என்று உறுதிசெய்ய, அங்கே குடிநீர் இயந்திரம் பழுது என்று சங்கேதம் இல்லாமலேயே ஒரு பொய்ச் செய்தி அனுப்பினார்கள். சீக்கிரமே 'ஏஎஃப்பில் தண்ணீர்த் தட்டுப்பாடு' என்று ஜப்பானியச் செய்தி ஓடியது, சந்தேகம் தீர்ந்தது. ஜூன் 4 காலையில் முதலில் போன டார்பிடோ விமானங்கள் ஏறக்குறைய அழிந்தே போயின. ஒரு படைப்பிரிவில் 15 விமானங்களும் போய் ஒரே ஒருவர் பிழைத்தார். பத்தேகால் மணிக்கு மேல் மேலிருந்து பாய்ந்த குண்டுவீச்சு விமானங்கள் சில நிமிடங்களில் மூன்று கப்பல்களைத் தீப்பந்தமாக்கின. நான்காவது அன்று மாலை அடிபட்டது.

மறுநாள் காலைக் கேள்வியில் மிட்வே நன்றாகவே தேறுகிறது. நினைத்த கடலில் நினைத்த நேரத்தில் தாக்கும் வசதியை ஜப்பான் அன்றோடு இழந்தது. கொழும்புப் பக்கம் அப்படி ஒரு படை பிறகு வரவே இல்லை. அந்த ஜூனில்தான் பர்மாவுக்கு நிலவழியாக ரயில் பாதை போட ஜப்பானியத் தலைமை உத்தரவிட்டது. பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாகிக்கொண்டிருந்தது. சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வது அந்தப் பாதையைத்தான். அங்கே மாண்ட ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளர்களுக்கு இந்தப் போரின் பெரிய பேச்சுகளில் இடமே கிடைப்பதில்லை என்பது என் நீண்டநாள் வருத்தம்.

பிறகு ஏன் மிட்வேயைத் தேர்ந்தெடுக்கவில்லை? அன்று ஜப்பானே ஜெயித்திருந்தாலும், அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் எசெக்ஸ் வகை விமானம் தாங்கிகள் வரிசையாக உருவாகிக்கொண்டிருந்தன. போர் முடிவதற்குள் அந்த வகையில் மட்டும் 17 சேவைக்கு வந்தன. மிட்வே முடிவை முன்னால் இழுத்தது. இல்லாத முடிவை அது உண்டாக்கவில்லை. தவிர, ஜப்பானின் தேர்ந்த விமானிகளைப் பெருமளவு தின்றது அதற்கடுத்துப் பசிபிக் தீவான குவாடல்கனாலில் ஆறு மாதம் நடந்த சண்டை.

இரண்டாவது அட்லாண்டிக். இதை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, அது அநியாயம். இங்கே பெயர் சொல்ல ஒரு ஊர் இல்லை, கோட்டை இல்லை. சரக்குக் கப்பல்கள் கான்வாயாக, அதாவது காவலோடு கூட்டமாகப் போகின்றன, நீர்மூழ்கிகள் கூட்டமாகக் காத்திருக்கின்றன, அவ்வளவுதான் காட்சி. ஆனால் பிரிட்டனின் சாப்பாடும் எண்ணெயும் அந்தக் கடல் வழியேதான் வந்தன. 1943 மார்ச்சில் இரண்டு கான்வாய்களில் மட்டும் 22 கப்பல்கள் மூழ்கின. மே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. நெடுந்தூரம் பறக்கும் லிபரேட்டர் விமானங்கள், குறுகிய அலை ரேடார், கான்வாயோடு கூடவே வரும் சிறிய விமானம் தாங்கிகள், எனிக்மா என்ற ஜெர்மன் சங்கேதத்தின் உடைப்பு என்று எல்லாம் ஒரே காலத்தில் பலன் கொடுத்தன. அந்த ஒரே மாதத்தில் ஜெர்மனி நாற்பதுக்கு மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. மே 24 அன்று அவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொள்ள உத்தரவிட்ட தளபதி டோனிட்ஸின் மகனே அதற்கு ஐந்து நாள் முன்னால் ஒரு நீர்மூழ்கியில் இறந்திருந்தான். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போனவர்களில் நான்கில் மூவர் போர் முடியும்போது உயிரோடு இல்லை.

அடைபட்ட வழி: பிரிட்டனைப் பட்டினி போட்டுப் பணியவைப்பது. அது பிறகு திறக்கவே இல்லை. மே 1943 இல்லாமல் ஜூன் 1944இல் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படை இறங்கியிருக்க முடியாது. என் அளவுகோலில் இதற்கு இரண்டாம் இடம். ஆனால் நூலக மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைக் கண்முன் நிறுத்த எனக்குத் திறமை போதாது. வரைபடத்தில் காட்ட நீலம் மட்டும்தான் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1942 அக்டோபர் 23 அன்று தொடங்கிய எகிப்தின் எல் அலமெய்ன் சண்டையில் பிரிட்டன் பக்கம் இந்திய 4ஆவது டிவிஷன் என்ற படைப்பிரிவும் நின்றது. சூயஸ் கால்வாய்ப் பக்கம் ஜெர்மன் தளபதி ரோமெல் வரும் வாய்ப்பு அங்கே முடிந்தது. ஆனால் அங்கே மோதியவை ஸ்டாலின்கிராடில் மோதியவற்றைவிட மிகச் சிறிய படைகள். கூர்ஸ்க், 1943 ஜூலை: கிழக்கில் ஜெர்மனியின் கடைசிப் பெருந்தாக்குதல். நார்மண்டிதான் திரையில் நாம் அதிகம் பார்த்தது. ஜூன் 6 அன்று ஒரே நாளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் இறங்கியது வியப்பான ஏற்பாடு, அதில் செத்த இளைஞர்களின் துணிச்சலை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அதற்குள் ஜெர்மனியின் தோல்வி எழுதப்பட்டுவிட்டது. அது எப்போது, யாரால் முடியும் என்பதே மிச்சக் கேள்வி. அதே மாதம் 22ஆம் தேதி தொடங்கிய சோவியத் தாக்குதல் ஜெர்மனியின் மத்திய படைத்தொகுதியையே இல்லாமல் ஆக்கியது. அதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இம்பால்–கோஹிமாவை விடுவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1944 மார்ச் முதல் ஜூலை வரை நம் நாட்டு மண்ணிலேயே நடந்த சண்டை, ஜப்பானியத் தரைப்படை அதுவரை கண்ட பெரிய தோல்விகளில் ஒன்று. ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை வீரர்கள், மறுபக்கம் இந்திய தேசிய இராணுவம். நேதாஜியின் அழைப்பைக் கேட்டு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்கள் நிறைய. இதைப் பேச ஒரு முழு நாள் வேண்டும், வேறு மனநிலையும் வேண்டும். அப்புறம் தனியாக ஒரு கூட்டம் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி மாஸ்கோ.

1941 ஜூன் 22 அன்று முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களோடு ஜெர்மனி சோவியத் ஒன்றியத்துக்குள் புகுந்தது. அந்தப் படையோடு ஆறு லட்சத்துக்கும் மேல் குதிரைகள் போயின. டாங்கிகள் சீறிப் பாயும் படங்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியம். உண்மையில் அந்தப் படையின் பெரும்பகுதி கால்நடையாகவும் குதிரை வண்டியிலும்தான் ரஷ்யாவுக்குள் போனது. ரஷ்ய ரயில் பாதையின் அகலம் வேறு என்பதால் தண்டவாளத்தையும் மாற்றிப் போட்டுக்கொண்டே போக வேண்டியிருந்தது. குளிர்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதுதான் திட்டம். ஜூலை 3 அன்று படைத்தலைமை அதிகாரி ஹால்டர், இந்தப் போர் இரண்டே வாரத்தில் வெல்லப்பட்டுவிட்டது என்று நாட்குறிப்பில் எழுதினார். ஆகஸ்ட் 11 அன்று அதே கை, எதிரியிடம் 200 டிவிஷன் இருக்கும் என்று நினைத்தோம், இப்போதே 360 எண்ணிவிட்டோம் என்று எழுதியது. இந்த இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டப் போகிறேன்.

அந்தக் கோடையில் சோவியத் மக்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. செப்டம்பரில் கீவ் அருகே மட்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கைதாக்கியதாக ஜெர்மனி அறிவித்தது. போர் முழுவதிலும் ஜெர்மனியிடம் சிக்கிய சோவியத் கைதிகளில் முப்பது லட்சத்துக்கு மேல் பசியாலும் நோயாலும் கொலையாலும் இறந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் மாஸ்கோமீது தாக்குதல் தொடங்கியது. அக்டோபர் 16 அன்று நகரம் பீதியில் கலைந்தது. அலுவலகங்கள் கிழக்கேயுள்ள குய்பிஷெவ் நகருக்கு இடம் மாறின, ஸ்டாலின் நகரத்திலேயே தங்கினார். மழையில் சாலைகள் சேறாகி வண்டிகள் அச்சுவரை புதைந்தன. நகரத்துப் பெண்கள் உறைந்த மண்ணை வெட்டி டாங்கி எதிர்ப்புப் பள்ளங்கள் தோண்டினார்கள்.

பனிதான் மாஸ்கோவைக் காப்பாற்றியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பனி இரண்டு தரப்புக்கும்தானே விழுந்தது? ஒருவன் அதற்குத் தயாராக வந்தான், மற்றவன் வரவில்லை. ஜூலை முதல் நவம்பர் வரை 1,500க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பிரித்து ரயிலேற்றிக் கிழக்கே, பெரும்பாலும் யூரல் மலைப் பகுதிக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோனார்கள். டோக்கியோவில் இருந்த சோவியத் உளவாளி சோர்கே, ஜப்பான் வடக்கே சைபீரியாவைத் தாக்கப்போவதில்லை என்று தகவல் அனுப்பினார். தூரக் கிழக்கிலிருந்த டிவிஷன்கள் மேற்கே திரும்பின. ஜப்பான் அப்படி முடிவெடுத்ததற்கும் காரணங்கள் உண்டு. 1939இல் மங்கோலிய எல்லையில் கல்கின் கோலில் சோவியத் தளபதி ஜூக்கோவிடம் அது வாங்கிய அடி ஒன்று. 1941 கோடையில் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதால் தெற்கே எண்ணெய் தேடிப் போக வேண்டிய நிலை மற்றொன்று.

நவம்பர் கடைசியில் ஜெர்மன் முன்னணிப் பிரிவுகள் மாஸ்கோவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் நின்றன. அதே நவம்பர் 29 அன்று ஆயுத அமைச்சர் ஃபிரிட்ஸ் டோட், ஆயுத பலத்தால் இந்தப் போரை இனி வெல்ல முடியாது என்று ஹிட்லரிடமே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. டிசம்பர் 5, 6 தேதிகளில் ஜூக்கோவின் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. சில இடங்களில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஜெர்மானியர்கள் பின்தள்ளப்பட்டார்கள். அந்த ஆண்டு முடியும்போது கிழக்கு முனையில் அவர்களுடைய இழப்பு, காயமடைந்தவர்களையும் சேர்த்து, எட்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மாஸ்கோவில்தான் போர் திரும்பியது என்றால், அடுத்த கோடையில் ஜெர்மனி எப்படி வோல்கா வரை போனது? காகசஸின் எல்ப்ரூஸ் சிகரத்தில் எப்படிக் கொடி நட்டது? நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: டிசம்பரில் ஜெர்மனி இழந்தது சண்டையில் ஜெயிக்கும் திறமையை இல்லை. ஒரே பருவத்தில் போரை முடித்துவிடும் வாய்ப்பை. அதன் முழுத் திட்டமும் அந்த ஒன்றை நம்பித்தான் இருந்தது. நீண்ட போருக்கான எண்ணெயோ, ஆட்களோ, ஆலைகளோ அதனிடம் இல்லை. 1942இல் சோவியத் ஆலைகள் 24,000க்கு மேல் டாங்கிகள் செய்தன. ஜெர்மனி அதில் பாதியைக்கூட எட்டவில்லை. 1942இல் அது எண்ணெய் தேடித் தெற்கே ஓடியதே நீண்ட போரில் மாட்டிக்கொண்டதால்தான். அப்படிப் பார்த்தால் ஸ்டாலின்கிராட், மாஸ்கோவில் எழுந்த கேள்விக்கு ஓராண்டு கழித்து வந்த விடை.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு முடிவைத் தீர்த்துவைத்ததே அதுதான். மாஸ்கோவில் எதிர்த்தாக்குதல் தொடங்கியது டிசம்பர் 5. பேர்ல் ஹார்பர் 7. ஜெர்மனி அமெரிக்காமீது போர் அறிவித்தது 11. ஜப்பானோடு செய்த ஒப்பந்தம், ஜப்பான் தாக்கப்பட்டால் மட்டுமே உதவ வேண்டும் என்றது. ஜப்பானே போய்த் தாக்கிய பிறகு ஹிட்லருக்கு அந்தக் கடமை இல்லை. ஆனாலும் அவராக அறிவித்தார். ஐரோப்பாவில் ஒரு போர், ஆசியாவில் ஒரு போர் என்று இருந்தவை அந்த ஏழு நாளில் ஒரே போராகிவிட்டன. மாஸ்கோவை எடுத்துக்கொண்டால் எண்ணெய், ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஆலைகள் எல்லாம் தானாக உள்ளே வருகின்றன. மற்ற எந்தத் திருப்புமுனையிலும் இத்தனை இழைகள் ஒரே இடத்தில் சேரவில்லை.

ஆகவே என் தேர்வு 1941 டிசம்பர் 5 முதல் 11 வரை. முதல் ஒரு மணி நேரம் ஜூனிலிருந்து டிசம்பர் வரை, அடுத்த ஒரு மணி நேரம் அந்த ஒரு வாரம். உங்கள் கூட்டத்தில் மலாயாவிலோ பர்மாவிலோ வேர் உள்ள குடும்பங்கள் அதிகம் என்றால் மிட்வேயை எடுங்கள், ரயில் பாதை வரை கொண்டுபோங்கள். பள்ளிப் பிள்ளைகள் மட்டும் என்றால் ஸ்டாலின்கிராட் போதும், அந்த 300 டன் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்பதும் முடிவாகிவிட்டது. 1941 நவம்பர் 7. ஜெர்மானியர்கள் நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிட்ட காலை, பனி கொட்டுகிறது, செஞ்சதுக்கத்தில் புரட்சி நாள் அணிவகுப்பு நடக்கிறது. அணிவகுத்த வீரர்களில் பலர் பாசறைக்குத் திரும்பவில்லை. சதுக்கத்திலிருந்து நேராகப் போர்முனைக்கு நடந்தார்கள்.